தோண்டாமல் அறிதல்

1881ஆம் வருஷம் ஜூலை 2ந் தேதி வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருவன் சுட்டான். ஒரு குண்டு கையை உரசிக்கொண்டு போயிற்று. இன்னொன்று முதுகில் நுழைந்து உள்ளே தங்கிவிட்டது. எக்ஸ்ரே வருவதற்கு இன்னும் பதினான்கு வருஷங்கள் இருந்தன. டாக்டர்கள் கழுவாத விரல்களை விட்டுத் துழாவினார்கள். டெலிஃபோனுக்குப் பேர்போன அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல், கம்பிச் சுருள்களையும் ஒரு காதுக்குழலையும் வைத்து, உடம்புக்குள் இருக்கும் உலோகத்தைச் சத்தமாகக் காட்டும் கருவி ஒன்றைச் செய்துகொண்டு வந்தார். உடம்பில் பழைய குண்டைச் சுமந்துகொண்டிருந்த போர்வீரர்களிடம் அது வேலை செய்தது. ஜனாதிபதியிடம் ஜூலை 26லும் ஆகஸ்ட் 1லும் இரண்டு தடவை முயன்றும் குண்டு அகப்படவில்லை. செப்டம்பர் 19ல் அவர் இறந்தார்.

மெட்டல் டிடெக்டரின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இதை அதன் முதல் தோல்வி என்பார்கள். கட்டில் மெத்தையின் எஃகு ஸ்பிரிங்குகள் கருவியைக் குழப்பிவிட்டன என்று காரணமும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் இன்னொரு உண்மையும் இருக்கிறது. வைத்தியத்தை முழுக்கத் தன் பிடியில் வைத்திருந்த டாக்டர் பிளிஸ் (பெற்றோர் வைத்த பெயரே 'டாக்டர்' என்பதுதான், பட்டம் பிறகு வந்தது) குண்டு வலப்பக்கம் இருப்பதாக ஏற்கெனவே அறிவித்துவிட்டிருந்தார். எனவே வலப்பக்கம் தேடத்தான் பெல்லுக்கு அனுமதி. பிரேதப் பரிசோதனையில் குண்டு முதுகெலும்புக்கு இடப்பக்கம் இருந்தது. இதைக் கருவியின் தோல்வி என்று எப்படிச் சொல்வது? எங்கே கேட்க வேண்டும் என்பதை வேறொருவருடைய நிச்சயம் தீர்மானித்த பிறகு, கருவி எவ்வளவு நுட்பமாக இருந்து என்ன பிரயோசனம்?

மதிப்பைப் பற்றிய பேச்சில் இந்த இடத்தை நாம் வேகமாகத் தாண்டிப்போய்விடுகிறோம் என்று நினைக்கிறேன். எது தங்கம், எது தகரம் என்று சண்டை போடுகிறோம். காயிலை எந்தப் பக்கம் வைத்தோம் என்று யாரும் கேட்பதில்லை.

என் நண்பர் ஒருவர் இந்தக் கருவிகளைத் தாமே செய்து பார்ப்பவர். புதையல் ஆசை கிடையாது. சாலிடரிங் அயர்னும், ரிச்சி தெருவில் வாங்கிய டிரான்ஸிஸ்டர்களும், எனாமல் கம்பியும்தான் அவருடைய உலகம். அவர் முதலில் செய்தது இருப்பதிலேயே எளிய வகை. ஒரே வேகத்தில் அதிரும் இரண்டு ஆஸிலேட்டர்கள். ஒன்று பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். மற்றதன் காயில் கம்பின் நுனியில், ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்தில், தரையைத் தடவிக்கொண்டு போகும். இரண்டும் செக்கனுக்கு லட்சம் தடவை அதிருகின்றன. மனிதக் காதுக்கு இரண்டுமே கேட்காது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் ஒரு முனகலாகக் கேட்கும். காயிலின் அருகே ஓர் உலோகம் வந்தால் அதன் அதிர்வு மாறும், முனகலின் சுருதி மாறும். இவ்வளவுதான் சமாசாரம். கருவி உலோகத்தைக் கேட்கவில்லை. உலோகத்தின் முன்னிலையில் தன்னிடம் நேர்ந்த மாறுதலைத் தன்னுடைய மாறாத பாதியோடு ஒப்பிட்டுச் சொல்கிறது.

ஈரப் புல்லும் சுருதியை மாற்றும், கை பட்டாலும் மாறும். இதைத் தவிர்க்கக் காயிலைச் சுற்றி அலுமினியத் தாள் போர்த்துகிறார்கள். ஆனால் தாளின் இரு நுனிகளும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். முழுக்க மூடிவிட்டால் போர்வையே ஓர் உலோக வளையமாகி, கருவி தன் போர்வையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். நண்பர் இதை ஒரு தொழில்நுட்ப விவரமாகத்தான் சொன்னார். எனக்கு அன்று முழுவதும் வேறு என்னென்னவோ ஞாபகம் வந்துகொண்டிருந்தது. இலக்கிய வட்டங்கள் சிலவும் ஞாபகத்துக்கு வந்தன.

கடையில் விற்கும் இன்றைய கருவிகள் இதைவிட வெகு தூரம் வந்துவிட்டன. காயில் ஒரு காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. கீழே கிடக்கும் உலோகத்தில் சிறு மின்சுழல்கள் எழுகின்றன. அவை தங்கள் பங்குக்கு ஒரு புலத்தைத் திருப்பி அனுப்புகின்றன. அந்தப் பதில் எவ்வளவு தாமதித்து வருகிறது என்பதைக் கொண்டு பொருளின் தன்மையை ஊகிக்கலாம். இதை வைத்து ஒரு திருகு அமைத்திருக்கிறார்கள். அதன் பெயர் டிஸ்க்ரிமினேஷன். இங்கிலீஷில் இந்த ஒரே சொல் ரஸனையின் நுட்பத்துக்கும் வழங்குகிறது, மனிதரை நிறம் பார்த்து ஒதுக்குவதற்கும் வழங்குகிறது. திருகைத் திருப்பினால் ஆணியும் குப்பையும் மௌனமாகிவிடும். வேண்டியது மட்டும் ஒலிக்கும். அப்படித்தான் விளம்பரம்.

ஆனால் தங்கம் இதற்கு ஒத்துழைப்பதில்லை. பதிலின் தாமதம் உலோகத்தின் பெயரைப் பொறுத்ததல்ல. அது எவ்வளவு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது, எவ்வளவு பெரிசு, எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்தது. சொக்கத் தங்கத்தின் கடத்தும் திறன் செம்பினுடையதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. செம்பும் வெள்ளியும் கலந்து நகையாக்கினாலோ அது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. எனவே மெல்லிய மோதிரம் ஒன்றும், பான டின்களைத் திறக்க இழுத்துப் பிய்க்கும் அலுமினிய வளையம் ஒன்றும், கருவிக்கு ஏறக்குறைய ஒரே பதிலைத் தருகின்றன. சின்னத் துண்டுத் தங்கம் சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளோடு சேர்ந்துவிடுகிறது. கடற்கரையில் தேடுகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். குப்பை ஒலிக்கக் கூடாது என்று திருகைத் திருப்பினால், குப்பையோடு சேர்ந்து மோதிரமும் மௌனமாகிவிடும். பத்துத் தடவை குனிந்து பத்து வளையங்களைத் தோண்டி எடுக்கச் சம்மதிக்காதவனுக்குப் பதினோராவதான மோதிரம் கிடையாது.

கருவியால் ஆகக்கூடியது இங்கே முடிகிறது. இதற்குமேல் தோண்டி, எடுத்து, கையில் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதாவது தொட வேண்டும்.

தொட்டுச் சொல்வதற்கு நம்மிடம் பழைய சாதனம் இருக்கிறது, உரைகல். வங்கியில் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதைத் தினம் பார்க்கக் கிடைக்கிறது. அப்ரைசர் நகையைக் கறுப்புக் கல்லில் ஒரு கோடு இழுப்பார். பக்கத்தில் மாற்றுத் தெரிந்த தங்கத்தால் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் திராவகம் ஒரு சொட்டு. எந்தக் கோடு எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பார். பி.ஏ. இங்கிலீஷ் படித்தவர்களுக்கு மாத்யூ ஆர்னால்ட் ஞாபகம் வராமல் போகாது. 1880ல் எழுதிய கட்டுரையில், மகாகவிகளின் சில வரிகளை மனசில் வைத்துக்கொண்டு மற்றக் கவிதைகளை அவற்றோடு உரசிப் பார்க்கச் சொன்னார். பரீட்சைக்காக இதை மனப்பாடம் செய்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. உரைகல் வேலை செய்ய இரண்டு கோடுகளும் ஒரே கல்லின் மேல் விழ வேண்டும். இரண்டையுமே அழுத்தி இழுக்க வேண்டும். நகையிலிருந்து ஒரு துளி தேய்ந்து போகாமல் உரைத்துப் பார்க்க முடியாது. நம் சூழலில் நடப்பதோ, மகாகவியின் கோடு மட்டும் கல்லில் இருக்கிறது. புதிதாக எழுதுகிறவனின் புத்தகத்தைப் பிரிக்காமலே 'மாற்றுக் குறைவு' என்று சொல்லிவிடுகிறோம். ஆர்னால்டின் முறையில் குறைகள் உண்டு. அவர் பொறுக்கிய வரிகளே அவருடைய மனோபாவத்தின் பிரதிபலிப்பு என்று பலர் சொல்லியாயிற்று. ஆனால் அவர் தொடாமல் மதிப்பிடச் சொல்லவில்லை.

உரைகல்லும் ஏமாறும். அது மேல்தோலை மட்டுமே அறியும். கனமாக முலாம் பூசிய நகை அதைத் தாண்டிவிடும். எடையையும் கன அளவையும் வைத்து அடர்த்தி பார்க்கலாம் என்றால் அதற்கும் மாற்று இருக்கிறது. தங்கத்தின் அடர்த்தி 19.3, டங்ஸ்டன் 19.25. தங்கக் கட்டிக்குள் டங்ஸ்டனை வைத்துவிட்டால் ஆர்க்கிமிடீஸே வந்தாலும் சிரமம்தான். வேடிக்கை என்னவென்றால், அந்த இடத்தில் மறுபடியும் காயிலிடம்தான் போக வேண்டியிருக்கிறது. டங்ஸ்டன் மின்சாரத்தைக் கடத்துவது தங்கத்தில் பாதிகூட இல்லை, ஆகவே மின்சுழல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. 1879ல் லண்டனில் டேவிட் ஹியூஸ், பெல்லுக்கு வழிகாட்டியாக அமைந்த தூண்டல் தராசைச் செய்தபோது, அதில் நாணயங்களை வைத்து நல்லது கெட்டது பிரித்துக் காட்டினார். புதையல் தேடும் கருவியின் மூதாதை நாணயம் பார்க்கும் கருவியாகவும் இருந்திருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் நேர் எதிராக ஒரு கருவி இருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஏ.டி.இ. 651 என்று பெயர். பிளாஸ்டிக் கைப்பிடி, அதில் கீல் வைத்துப் பொருத்திய ஓர் ஆன்டெனா. பாட்டரி கிடையாது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால், வெடிமருந்து இருக்கும் திசையில் ஆன்டெனா தானாகச் சாயும் என்றார்கள். போதை மருந்து, தந்தம் என்று எதற்கு வேண்டுமானாலும் அதற்குரிய அட்டையைச் சொருகிக்கொண்டால் போதுமாம். ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற இங்கிலீஷ்காரர் இதை ஈராக் அரசாங்கத்துக்கு ஆயிரக்கணக்கில் விற்றார். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான டாலர். பாக்தாதின் சோதனைச் சாவடிகளில் சிப்பாய்கள் இதைப் பிடித்துக்கொண்டு கார்களுக்குப் பக்கத்தில் நடந்தார்கள். அந்த நகரத்துக்குள் 2009 ஆகஸ்டிலும் அக்டோபரிலும் வெடித்த குண்டுகளில் நூற்றுக்கணக்கான பேர் செத்தார்கள். 2010ல் பிபிசி தொலைக்காட்சி அந்த அட்டை ஒன்றைக் கேம்பிரிட்ஜ் கம்ப்யூட்டர் ஆய்வகத்திடம் கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் செய்தது. உள்ளே இருந்தது, கடைகளில் துணிமணி திருட்டுப் போகாமலிருக்க ஒட்டும் சாதாரணப் பட்டை. கருவியின் மூலம், கோல்ஃப் பந்து தேட என்று அமெரிக்காவில் இருபது டாலருக்குள் விற்ற விளையாட்டுச் சாமான். 2013ல் மெக்கார்மிக்குக்குப் பத்து வருஷச் சிறைத் தண்டனை விதித்தார்கள்.

இதை மோசடி என்று சொல்லி விட்டுவிடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது ஆன்டெனா உண்மையிலேயே சாய்ந்தது என்பது. பிடித்திருந்தவர்கள் பொய் சொல்லவில்லை. இலகுவான கீலில் ஒரு கம்பியைத் தொங்கவிட்டுக் கையில் பிடித்தால், மனசு எதிர்பார்க்கும் பக்கம் மணிக்கட்டு தன்னை அறியாமல் சாயும். தண்ணீர் பார்க்கிறவர் கையில் கவட்டைக் குச்சி வளைவதும் இதனால்தான். சந்தேகத்துக்குரியவன் என்று சிப்பாய்க்கு முதலிலேயே தோன்றியவனிடம் அது சாய்ந்திருக்கும். குண்டோடு வந்தவன் சாந்தமான முகத்தோடு வந்திருந்தால் சாய்ந்திராது. நல்ல டிடெக்டரின் பதிலில் எப்போதும் ஒரு தயக்கம் இருக்கிறது. மோதிரமாக இருக்கலாம், தகர வளையமாக இருக்கலாம், குனிந்து பார் என்கிறது. ஏ.டி.இ. 651க்குத் தயக்கமே கிடையாது. டாக்டர் பிளிஸின் நிச்சயத்தை ஒரு கைப்பிடியில் பொருத்தி விற்றது மாதிரிதான் இது.

என் நண்பர் இதைக் கேள்விப்பட்டுச் சொன்னது ஒரே வாக்கியம்: "யாருமே திருப்புளி எடுத்துத் திறந்து பார்க்கலியா?" கீழ் மட்டத்தில் எவனாவது நினைத்திருப்பான். அரசாங்கம் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கிய கருவியைத் திறக்கும் உரிமை அவனுக்கு இல்லை. பெல்லுக்கு இடப்பக்கம் தேடும் உரிமை இல்லாமலிருந்த மாதிரி.

மெக்கார்மிக் சிறைக்குப் போன அதே 2013ல், உத்தரப் பிரதேசத்து உன்னாவ் ஜில்லாவில் தௌண்டியா கேரா கிராமத்தில் தொல்லியல் துறை மண்வெட்டியோடு இறங்கியது. 1857 கலகத்தில் சேர்ந்ததற்காகத் தூக்கிலிடப்பட்ட ராம் பக்ஷ் சிங்கின் கோட்டை அது. கோட்டைக்குக் கீழே ஆயிரம் டன் தங்கம் இருப்பதாக ஒரு சாமியார் கனவு கண்டிருந்தார். அக்டோபர் 18ல் தொடங்கி ஒரு மாத அளவில் நிறுத்திவிட்டார்கள். பானை ஓடுகளும் வளையல் துண்டுகளும் பழைய சுவரும் கிடைத்தன. தொல்லியலுக்கு அவை நல்ல பொருள்கள், ஆனால் டெலிவிஷன்காரர்கள் அதற்காகவா வந்திருந்தார்கள்? அந்த வருஷம்தான் மத்திய சர்க்கார், அன்னியச் செலாவணி கரைகிறது என்று, தங்கம் நாட்டுக்குள் வராமலிருக்க இறக்குமதி வரியைப் பத்து சதவீதமாக உயர்த்தியது. வெளியிலிருந்து வரும் தங்கம் தேசத்தின் பலவீனம், அடியிலிருந்து வரும் தங்கம் தேசத்தின் அதிர்ஷ்டம்!

தங்கத்தில் முதலீடு செய்கிறவரிடம் பேசினால் இந்த விசித்திரம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. முதலீட்டுக்கு வாங்கும் தங்கத்திடம் அவர் எதையும் எதிர்பார்ப்பதில்லை. அது விளைய வேண்டாம், வட்டி தர வேண்டாம், கழுத்தில் ஏறவும் வேண்டாம். பூமிக்கு அடியில் கிடந்ததை எடுத்து வேறொரு பூமிக்கு அடியில் பெட்டகத்தில் வைத்தால் போதும். கெயின்ஸ் 1936ல் எழுதிய புத்தகத்தில், சர்க்கார் பழைய சுரங்கங்களில் பணநோட்டுக்களைப் புதைத்துவைத்து ஜனங்களைத் தோண்ட விட்டாலும் வேலையில்லாத் திண்டாட்டம் குறையும் என்று கிண்டலாக ஒரு யோசனை சொல்லி, தங்கச் சுரங்கத் தொழிலும் இதே ரகம்தானே என்றார். இந்தியாவில் 2015 முதல் சர்க்கார் தங்கப் பத்திரம் வெளியிட்டபோது இது இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பத்திரத்தில் கிராம் கணக்கு உண்டு. உலோகம் இல்லை. அதன் மேல் உலகத்தின் எந்தக் காயிலைக் காட்டினாலும் முனகாது. உரைகல்லுக்கும் அங்கே வேலையில்லை. பத்திரத்தை விற்க, வங்கி ஊழியன் என்ற முறையில் நானும் வாடிக்கையாளர்களிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். பொருளாதார ரீதியில் நியாயமான ஏற்பாடுதான்.

விலையும் ஒரு கருவிதானே, அது மதிப்பைக் காட்டவில்லையா என்று கேட்கலாம். 1980 ஜனவரியில் ஒரு அவுன்ஸ் 850 டாலர். 1999ல் 250 டாலர் சமீபம். அந்த நேரத்தில்தான் பிரிட்டன் தன் கையிருப்பில் பாதிக்கு மேல் விற்கத் தொடங்கியது. 2025 அக்டோபரில் 4000 டாலரைத் தாண்டியது. இந்த நாற்பத்தைந்து வருஷங்களில் தங்கத்திடம் ஓர் அணு மாறவில்லை. மாறியதெல்லாம் பயம். விலை என்பது, எல்லோரும் சேர்ந்து பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு ஆன்டெனா. கூட்டத்தின் மணிக்கட்டு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் சாய்கிறது. அதனால் அது பொய் என்றாகிவிடாது. அதை நம்பி ஒருவர் பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவிட முடிகிறது. ஆனால் அது தங்கத்தைப் பற்றிய அறிவாகாது.

1980ஐச் சொன்னதால் இன்னொன்று. அந்த வருஷம் செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒருவர் டிடெக்டர் வைத்து 27 கிலோ தங்கக் கட்டி ஒன்றை, அரை முழ ஆழத்தில், எடுத்தார். பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து லாஸ் வேகஸின் சூதாட்ட விடுதி ஒன்று அதை வாங்கி, உருக்காமல், பார்வைக்கு வைத்தது. சூதாடிகளுக்குத் தெரிந்திருக்கிறது, உருக்கினால் போய்விடும் ஏதோ ஒன்று அதில் இருக்கிறது என்று.

சட்டத்துக்கு அது அவ்வளவாகத் தெரியவில்லை. 1878ஆம் வருஷத்திய இந்தியப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்கு அறிவிக்கச் சொல்கிறது. சர்க்கார் அதை எடுத்துக்கொள்ள விரும்பினால் கொடுக்க வேண்டிய தொகை, உலோகத்தின் மதிப்பும் அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கும். ஒரு சோழர் காசின் சரித்திரம், கலை, அதை வெட்டியவனின் கை எல்லாவற்றுக்கும் சேர்த்து இருபது சதவீதம். எங்கள் பாரம் இன்னும் கண்டிப்பானது. கல், அரக்கு நீக்கி நிகர எடை. செய்கூலி கணக்கில் வராது. பாட்டி பேத்திக்குப் போட்டது என்பதற்கு அதில் கட்டம் கிடையாது. அந்தப் பாரத்தை நான் பூர்த்தி செய்யாவிட்டால் அந்த அம்மாளுக்கு அன்று பணம் கிடைக்காது. ஆகவே பூர்த்தி செய்கிறேன். கட்டமில்லாததால் அது இல்லாமல் போய்விட்டது என்று மட்டும் என்னால் நினைக்க முடிந்ததில்லை.

இங்கிலாந்தில் 1996ஆம் வருஷச் சட்டப்படி சந்தை மதிப்பையே கொடுக்கிறார்கள். ஸ்டாஃபோர்ட்ஷயரில் 2009ல் ஒரு வயலில் கிடைத்த ஆங்கிலோ-ஸாக்ஸன் புதையலுக்கு 32 லட்சத்து 85 ஆயிரம் பவுன் மதிப்பிட்டு, தேடியவருக்கும் நிலத்துக்காரருக்கும் பாதிப் பாதி கொடுத்தார்கள். உருக்கி விற்றிருந்தால் முப்பதில் ஒரு பங்குகூடத் தேறியிருக்காது.

இருந்தும் 2015ல் ஹெரிஃபோர்ட்ஷயரில் டிடெக்டர் வைத்துத் தேடிய இரண்டு பேர் வைக்கிங் காலத்துப் புதையல் ஒன்றை எடுத்து, அறிவிக்காமல், துண்டு துண்டாக விற்கப் பார்த்தார்கள். 2019ல் சிறைக்குப் போனார்கள். புதையலில் ஒரு தங்க மோதிரம், தங்கக் காப்பு, படிகப் பதக்கம். கூடவே சுமார் முன்னூறு வெள்ளிக் காசுகள். அவற்றில் சில, வெஸ்ஸெக்ஸின் ஆல்ஃப்ரெட்டும் மெர்சியாவின் சியோல்வுல்ஃபும் சேர்ந்து அடித்தவை. இரண்டு அரசர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உருவம் பொறித்தவை. ஆல்ஃப்ரெட்டின் ஆட்கள் எழுதிவைத்த வரலாற்றில் சியோல்வுல்ஃப் வைக்கிங்குகளின் ஒரு கைப்பாவை, அவ்வளவுதான். காசு வேறு கதை சொல்கிறது. ஒரு காசு சொன்னால் விதிவிலக்கு என்று தள்ளலாம். ஒரே குழியில் எத்தனை இருந்தன, எதனோடு எது கிடந்தது என்பதில்தான் அந்தச் சாட்சியத்தின் பலம்.

தங்கம் முழுக்கத் திரும்பிவந்துவிட்டது. மோதிரம், காப்பு, பதக்கம் எல்லாம் போலீஸ் கைக்கு வந்தாயிற்று. வெள்ளிக் காசுகளில் ஒரு சிறு பகுதிதான் கிடைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஒன்றரை கிராம்கூட இருக்காது. மீதியை யாராவது உருக்கியிருந்தால், அந்தக் கட்டியை எந்த ஊர் அப்ரைசரிடம் கொண்டுபோனாலும் உரசி, எடை போட்டு, நல்ல வெள்ளி என்று சொல்லிவிடுவார். எடையும் மாற்றும் சரியாகவே இருக்கும்.